ஐம்பதுக்கு ஐம்பது

இது நடந்த அறையில் நான் இல்லை. இருந்தவர்கள் இரண்டே பேர். அவர்களில் ஒருவன், சிங்காநல்லூரில் என்னோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் தீர்த்தகிரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்துக்கொண்டே எனக்கு இதைச் சொன்னான். துணி துவைக்கும்போது மட்டும்தான் அவன் முழுதாகப் பேசுவான். அவன் சொன்ன வரிசையிலேயே எழுத முயன்றிருக்கிறேன், ஆனால் அவன் வரிசையாகச் சொல்கிறவன் இல்லை. சில இடங்களில் "அப்போ என்னென்னமோ தோணுச்சுடா" என்று சொல்லிவிட்டு வாளியைக் கவிழ்த்துவிட்டான். அந்த என்னென்னமோவை மட்டும் நான் நிரப்பியிருக்கிறேன். எனக்கும் அவனுக்கும் பயப்படும் விஷயங்கள் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் பெரிய தவறு வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

திரையில் இடது ஐம்பது, வலது ஐம்பது என்று இருந்தது. தீர்த்தகிரி ஒரு தடவை பார்த்தான், கண்ணை எடுத்து ஃபேனைப் பார்த்தான், மறுபடி பார்த்தான், அப்போதும் ஐம்பது, ஐம்பது. கோயம்புத்தூர் ராமநாதபுரத்தில், முன்பு பரதநாட்டிய வகுப்பு நடந்துகொண்டிருந்த தரைத்தள அறை அது, அதனால்தான் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி, நடுவில் பின்சக்கரத்தைக் கழற்றி ஸ்டாண்டில் பூட்டி நிறுத்திய சைக்கிள், அதன்மேல் ஒண்டிப்புதூர் பேக்கரிக்காரர் நாச்சிமுத்து, ஐம்பதைத் தாண்டியவர், எங்கும் போகாமல் மிதித்துக்கொண்டிருந்தார். இடது மணிக்கட்டில், முழங்கையில், தோளில், இடுப்பில், முட்டியில், கணுக்காலில் பொட்டு மாதிரி சென்சார்கள். அவனுடைய அம்மாவுக்கு இந்த வேலையைப் புரியவைக்க மூன்று ஃபோன் ஆயிற்று. சைக்கிள் ஓட்டுகிறவர்கள் எப்படி உட்காருகிறார்கள், எப்படி மிதிக்கிறார்கள் என்று அளந்து பார்த்து, அதற்கேற்ற மாதிரி சீட்டை ஏற்றி இறக்கி, ஹேண்டில்பாரை முன்னே பின்னே தள்ளிக் கொடுப்போம் அம்மா. "அப்போ டெய்லர் மாதிரியா?" கிட்டத்தட்ட. அதற்குள் அரூரில் சித்தி வீடு வரைக்கும் செய்தி போய்விட்டது, தீர்த்தகிரி கோயம்புத்தூரில் சைக்கிளுக்குச் சட்டை தைக்கிறானாம். பயோமெடிக்கல் இன்ஜினியரிங், குடும்பத்தில் முதல் பட்டதாரி என்று தாசில்தாரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார், சைக்கிளுக்குச் சட்டை. அவன் சிரித்துவிட்டான், நாச்சிமுத்து திரும்பிப் பார்த்து, "என்னுங் தம்பி, தொப்பை அந்த டிவியிலயும் தெரியுதுங்களா?" என்றார். "இல்லீங்க சார், அதெல்லாம் கேமரா கண்டுக்காது." "நல்ல கேமராங்க. என்ற சம்சாரத்துகிட்ட ஒண்ணு வாங்கிக் குடுக்கோணும்." அவர் கால் சுற்றிக்கொண்டே இருந்தது, ஸ்டாண்ட் ஒரே சுருதியில் இரைந்தது, திரையில் வேகம் மாறியது, மிதிக்கிற பலத்தைச் சொல்லும் வாட் மாறியது, இதயத்துடிப்பு மாறியது, ஐம்பது மட்டும் ஐம்பதாகவே இருந்தது.

நல்ல செய்திதானே இது, நல்ல செய்தி வந்தால் ஏன் நம்ப முடிவதில்லை, பொறியியல் கவுன்சலிங்கில் நினைத்த காலேஜே கிடைத்தபோதும் இப்படித்தான் இருந்தது, ஏதோ ஒரு பிழை, யாரோ கூப்பிட்டு உன் பெயர் தவறுதலாக வந்துவிட்டது தம்பி என்று சொல்லப் போகிறார்கள் என்று முதல் செமஸ்டர் முழுக்க ஆபீஸ் பக்கமே போகாமல் சுற்றிப் போனான். இவர் விஷயத்திலும் அப்படித்தான், இவர் உள்ளே வரும்போதே பார்த்தானே. பார்க்கவில்லை, பார்க்காமல் இருந்தானே. வலது காலை ஒரு வீச்சு வீசி, இடுப்பால் தூக்கி வைத்து வந்தார், கையில் ஒரு பையில் தேங்காய் பன்னும் வெண்ணெய் பிஸ்கட்டும், "மொதல்ல தின்னுட்டு அப்புறம் அளக்கலாமுங்க, பசிச்ச வயித்தோட அளந்தா கம்மியா வரும்" என்று சொல்லிக்கொண்டே. உட்கார்ந்ததும் தானே சொன்னார், மூன்று வயதில் போலியோ, வலது கால், சூம்பின கால், வேறு ஒன்றுமில்லை என்று, ஏதோ பேக்கரிக்கு மாவு வந்து இறங்கிய மாதிரி. அதற்கும் தீர்த்தகிரி தலையை மட்டும் ஆட்டினான், கண் அவர் நெற்றியிலேயே நின்றது. முட்டி வரை ஏற்றி விட்ட நீளக் கறுப்பு சாக்ஸ் போட்டிருந்தார் என்பது அவனுக்குத் தெரியும், எப்படித் தெரியும், பார்க்கவில்லை என்றால் எப்படித் தெரியும், ஓரக்கண் என்று ஒன்று இருக்கிறது, அதைக் கட்டிப்போட முடியாது. அந்தக் கண்ணாடிச் சுவர் வேறு, சைக்கிளின் வலது பக்கம் முழுவதையும் அது காட்டிக்கொண்டிருந்தது, அதற்கு முதுகைக் காட்டியபடியேதான் அவன் காலையிலிருந்து வேலை செய்கிறான். கேமரா ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் பார்க்கும், முதலில் இடது பக்கம், பிறகு சைக்கிளைத் திருப்பி வைத்து வலது பக்கம், பொட்டுகளையெல்லாம் பிய்த்து அந்தக் காலில் ஒட்ட வேண்டும், முட்டியை விரலால் தடவி எலும்பைத் தேடி ஒட்ட வேண்டும். அதை நினைத்தபோது அவன் இடது பக்க அளவுகளையே இன்னொரு முறை எடுத்தான்.

"தம்பி, அந்த அம்பது என்னுங்க? ரெண்டு பக்கமும் அம்பதுன்னு நிக்குதே." கேட்டுவிட்டார். சொல்லித்தான் ஆக வேண்டும், அவர் பணம் கட்டி வந்திருக்கிறவர், திரை அவரைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறது. "அது சார், மொத்தமா நீங்க மிதிக்கிற பலத்துல எந்தக் கால் எவ்வளவு குடுக்குதுன்னு." "அப்போ ரெண்டும் சரிசமமுங்களா?" "அப்படித்தான் காட்டுது சார்." அப்படித்தான் காட்டுது. அப்படித்தான் இருக்கிறது என்று அவன் சொல்லவில்லை, காட்டுகிறது என்றுதான் சொன்னான், பொய் சொல்லவில்லை, வாயிலிருந்து வந்த வார்த்தையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், எந்தப் பக்கம் திருப்பினாலும் பொய் இல்லை, ஆனால் பொய் மாதிரியே கனத்தது. நாச்சிமுத்து திரையையே பார்த்தபடி ஒரு சுற்று மிதித்தார். பிறகு பின்பாக்கெட்டில் இருந்த ஃபோனை எடுத்து, மிதித்துக்கொண்டே திரையைப் படம் பிடித்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் சைக்கிள் குழு பாலக்காடு போய்ச் சுற்றிக்கொண்டு இருநூறு கிலோமீட்டர் வருகிறது, இவரை மட்டும் வாளையார் வரை வந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள், கால் வலித்து நடுவழியில் நின்றால் யார் ஏற்றி வருவது என்று. மெஷின் என்ன சொல்கிறதோ பார்த்துவிட்டு முடிவு பண்ணலாம் என்றுதான் இன்றைக்கு வந்திருக்கிறார். படம் குழுவுக்குப் போய்விட்டது. போன கையோடு ஒரு குரல் செய்தி வந்தது, அவரே சத்தமாகப் போட்டார், குழந்தைவேலு என்று யாரோ, அரிசி மண்டிக்காரராம். "யோவ், அந்த மெசின்காரன் எத்தன பன்னு தின்னான்னு மொதல்ல கேளு." நாச்சிமுத்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார், சைக்கிளே ஆடியது, இடுப்புப் பொட்டு கழன்று விழுந்தது, தீர்த்தகிரி அதைக் குனிந்து எடுத்தபோது நான்கு பன் தின்றது ஞாபகம் வந்தது.

எவர் காலும் சமமில்லை என்று மேடம் முதல் வாரத்திலேயே சொன்னார். ஹேமலதா மேடம், கடைக்காரர், முன்பு பிசியோதெரபிஸ்ட், இன்றைக்கு அக்கா பேத்திக்கு மொட்டை என்று பழனிக்குப் போயிருக்கிறார், போகும்போது, "இன்னைக்கு நீயே பாத்துக்க, சரியா வந்துட்டா அடுத்த மாசத்துலேர்ந்து நீ ட்ரெய்னி இல்ல" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார், சரியா வந்துட்டா. மேடமே ஏறி மிதித்துக் காட்டினார், நாற்பத்தெட்டு, ஐம்பத்திரண்டு, அடுத்த சுற்றில் நாற்பத்தொன்பது, அதற்கடுத்து நாற்பத்தேழு, தராசு முள் மாதிரி நடுங்கிக்கொண்டே இருந்தது. உயிருள்ள கால் அப்படித்தான் இருக்கும், கொஞ்சம் யோசிக்கும், கொஞ்சம் சோம்பும். இந்த ஐம்பது யோசிக்கவே இல்லை. "சார், கொஞ்சம் அழுத்தி மிதிங்க." அவர் அழுத்தினார், வாட் ஏறியது, ஐம்பது. "லூசா விடுங்க." விட்டார், ஐம்பது. அவனுக்குத் தெரியும். தெரியும் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இருக்க ஒரு வழி தேடிக்கொண்டிருந்தான். அளக்கிற பெடல்கள் கடையுடையவை, வருகிறவர்களின் பெடல்களைக் கழற்றிவிட்டு இவற்றைப் பூட்டுவார்கள், இரண்டிலும் ஒரு சின்ன பேட்டரி, ஒரு சின்னப் பச்சை விளக்கு. வலது பெடல் பேசாமல் போய்விட்டால் கம்ப்யூட்டர் கோபித்துக்கொள்ளாது, இடது காலின் கணக்கை எடுத்து, இரண்டால் பெருக்கி, வலதும் இவ்வளவுதான் இருக்கும் என்று தானே வைத்துக்கொள்ளும். எவ்வளவு மரியாதையான கம்ப்யூட்டர், இல்லாததை இருப்பதாக வைத்துக்கொண்டு யார் மனமும் நோகாமல் நடந்துகொள்கிறது. அதனால்தான் மேடம் ஒரு சட்டம் வைத்திருக்கிறார், ஆள் ஏறி மிதிக்க ஆரம்பித்ததும் இடது பக்கம் உட்கார்ந்து விளக்கைப் பார், எழுந்து சுற்றி வந்து வலது பக்கம் உட்கார்ந்து விளக்கைப் பார், அப்புறம்தான் கம்ப்யூட்டரைத் தொட வேண்டும். இடது பக்கம் உட்கார்ந்தான், பார்த்தான், பச்சை. எழுந்தான். சுற்றி வரவில்லை. வலது பக்கம் உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராக அந்தக் கால் வரும்.

தர்மபுரி பஸ், அப்போது அவனுக்கு ஏழோ எட்டோ. எதிர் சீட்டில் முகம் பாதி வெந்து ஆறிய ஒரு ஆள், ஒரு கண்ணின் இமை கீழே இழுத்துக்கொண்டு இருந்தது, தீர்த்தகிரி வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தான், பயமெல்லாம் இல்லை, அந்த இமை எப்படி மூடும் என்று தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். அம்மா தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். "அவரு என்ன பொம்மையா?" கிள்ளியது வலித்தது ஒரு நிமிடம். அந்த ஆள் மெதுவாகத் திரும்பி, மொரப்பூர் வரும்வரை ஜன்னலைப் பார்த்தபடியே வந்தாரே, அதுதான் இன்னும் வலிக்கிறது, வெளியே பார்க்க ஒன்றுமே இல்லை, வெறும் பொட்டல். அன்றையிலிருந்து அவன் கண் பழகிவிட்டது, குறை என்று ஒன்று எதிரே வந்தால் தானாகவே நெற்றிக்குப் போய்விடும், தானாகவே சுவருக்குப் போய்விடும். நல்ல பையன், மரியாதை தெரிந்த பையன் என்று எல்லோரும் சொல்லுவார்கள். மரியாதை தெரிந்த பையன் ஒரு விளக்கைப் பார்க்கவில்லை. இப்போது அந்த மரியாதை வாட்ஸ்அப்பில் போய்விட்டது, ஐம்பதுக்கு ஐம்பது என்று, அரிசி மண்டி வரைக்கும்.

சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்று ஒரு சின்னக் குரல், அது கெட்ட குரல்கூட இல்லை, பாவம், நல்ல மாதிரியாகத்தான் கேட்டது. மனுஷன் சந்தோஷமாக இருக்கிறார், மூன்று வயதுக்குப் பிறகு யாரும் அவரிடம் சமம் என்று சொல்லியிருக்க மாட்டார்கள், நீ போய் அதைப் பிடுங்கப் போகிறாயா, அதுவும் நீ, நான்கு பன் தின்றவன். மேடம் பழனியில் இருக்கிறார், பேத்தி மொட்டைத் தலையோடு சிரித்துக்கொண்டிருக்கும், ரிப்போர்ட்டை அச்சடித்துக் கொடுத்தால் முடிந்தது, அடுத்த மாதம் நீ ட்ரெய்னி இல்லை. ஆனால் ரிப்போர்ட்டில் இன்னொரு வரி இருக்கிறதே, இரண்டு காலும் சமம் என்றால் வலது ஷூவுக்கு அடியில் கட்டை வைக்க வேண்டாம், சீட்டைச் சாய்க்க வேண்டாம், அப்படியே ஓட்டலாம் என்று அது சொல்லுமே. அதை நம்பி இவர் வாளையார் தாண்டிப் போவார். எண்பதாவது கிலோமீட்டரில் இடுப்பு பிடித்துக்கொள்ளும், ரோட்டோரம் உட்காருவார், குழந்தைவேலு வண்டி எடுத்துக்கொண்டு வருவார், மெஷின் சொன்னதேய்யா என்று கேட்பார், இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வருவார். இல்லை, அது வேண்டாம். எதை வேண்டுமானாலும் தாங்கலாம், ஜன்னல் பக்கம் மட்டும் இன்னொரு ஆள் திரும்ப வேண்டாம். ஃபோன் அடித்தது, மேடம். "எப்படிப் போகுது தீர்த்தா?" "நல்லா... போகுது மேடம்." நடுவில் ஒரு மூச்சு விட்டான், அந்த மூச்சில்தான் உண்மை இருந்தது, மேடத்துக்கு மேளச் சத்தத்தில் கேட்கவில்லை. "சரி, முடிச்சுட்டுக் கூப்பிடு." வைத்துவிட்டார். வெண்ணெய் பிஸ்கட்டின் உப்பு இன்னும் பல்லில் இருந்தது, நல்ல பிஸ்கட், இப்படிப்பட்ட பிஸ்கட் செய்கிறவரிடம்.

"சார், ஒரு நிமிஷம் நிறுத்துங்க." நிறுத்தினார். ஸ்டாண்டின் இரைச்சல் இறங்கி இறங்கி நின்றது, பக்கத்துப் பரோட்டாக் கடையில் மாவை அடிக்கிற சத்தம் திடீரென்று பெரிதாகக் கேட்டது. "சார், அந்த அம்பது... அது உங்க காலோட அம்பது இல்லீங்க. வலது பெடல் வேலை செய்யலைன்னு நெனக்கிறேன். இடது காலையே ரெண்டு தடவ எண்ணியிருக்கு. நான் மொதல்லயே பாத்திருக்கணும். பாக்கல." சொல்லிவிட்டு நெற்றியைப் பார்த்தான், நெற்றியில் வியர்வை, அதற்குக் கீழே இறங்க அவனுக்குத் தைரியம் இல்லை. நாச்சிமுத்து துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், நிதானமாக, கழுத்து, காது மடல் வரைக்கும். "தம்பி, காலையிலிருந்து நீங்க அந்தப் பக்கமே வரலீங்களே. நானும் பாத்துட்டேதான் இருக்கறேன்." "இல்லீங்க சார், அது..." "சுத்திட்டு வந்து பாருங்க. கடிக்காதுங்க."

வந்தான். சைக்கிளின் முன்சக்கரத்தைச் சுற்றி நான்கு அடி, கண்ணாடியில் அவனும் கூடவே வந்தான், வெளிறிப்போய், கழுத்தில் அடையாள அட்டையோடு. உட்கார்ந்தான். கண்ணுக்கு நேராகக் கால். சாக்ஸ் சுருங்கிக் கணுக்காலுக்கு இறங்கியிருந்தது. மெலிந்த கால், கெண்டைச் சதை என்று ஒன்று இல்லை, தோல் பளபளவென்று இருந்தது, முட்டிக்குக் கீழே பழைய தழும்பு ஒன்று, அறுவையாக இருக்கலாம், விழுந்ததாகவும் இருக்கலாம். ஒரு கால், அவ்வளவுதான். இத்தனை நேரம் ஓரக்கண் வரைந்து வைத்திருந்தது இதைவிட எவ்வளவோ பயங்கரமாக இருந்தது. பெடலில் விளக்கு எரியவில்லை. பேட்டரி மூடியைத் தொட்டான், ஆடியது, காலையில் புது பேட்டரி போட்டவன் அவனேதான், அவசரத்தில் மூடியை முழுக்க முடுக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து இரண்டு ரூபாய் நாணயத்தை எடுத்து மூடியின் பள்ளத்தில் வைத்து இறுக்கினான். "கால எடுக்கோணுங்களா?" "வேண்டாங்க சார், அப்படியே இருக்கட்டும்." கணுக்காலை ஒரு கையால் பிடித்துக்கொண்டான், ஜில்லென்று இருந்தது, இத்தனை மிதித்தும் ஜில்லென்று. "அது எப்பவும் ஐஸ்தானுங்க. வெயில் காலத்துக்கு நல்லது" என்றார். பெடலைக் கையால் சுற்றினான். பச்சை.

மறுபடி மிதிக்க ஆரம்பித்தார். தீர்த்தகிரி திரைக்கு வந்தான், வந்து திரையைப் பார்க்காமல் நின்றான், எவ்வளவு வரும், பத்து வரலாம், ஐந்து வரலாம், ஒன்றுமே வராமல் போகலாம், வெறும் பூஜ்யம் என்று பெரிய எழுத்தில் வந்தால் என்ன சொல்வது, சாரி சார் என்றா, இந்தத் திரைக்கு எழுத்தைச் சின்னதாக்க ஒரு பொத்தான் உண்டு, எங்கே அது. "அறுபத்தொம்பது, முப்பத்தொண்ணு" என்று நாச்சிமுத்து வாசித்தார். "இப்ப எழுவது முப்பது. அட, திருப்பியும் முப்பத்தொண்ணு. ஆடுதுங்க." ஆடுகிறது. தராசு முள் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது, அறுபத்தெட்டு, முப்பத்திரண்டு, அறுபத்தொன்பது, உயிரோடு இருக்கிற எண்கள். தீர்த்தகிரிக்கு முதுகில் இருந்த பெரிய மூட்டை ஒன்று இறங்கியது, உடனே அடுத்த மூட்டை ஏறியது, ஐம்பது போய் முப்பத்தொன்று ஆகிவிட்டதே, பத்தொன்பதை இவரிடமிருந்து எடுத்துவிட்டானே. "சார், இது..." "இருங்க தம்பி. அந்த முப்பத்தொண்ணு எந்தக் காலு?" "வலதுங்க சார்." "சூம்பின காலு?" "ஆமாங்க." "அது மிதிக்குதுங்களா?"

நாச்சிமுத்து மிதிப்பதை நிறுத்தவில்லை, தலையை மட்டும் குனிந்து, வலது முட்டி மேலே வருவதையும் கீழே போவதையும் பார்த்துக்கொண்டிருந்தார், யாரோ புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆளைப் பார்க்கிற மாதிரி. "பொள்ளாச்சியில ஒரு டாக்டரு, நான் சின்னப் பையனா இருக்கறப்போ, எங்கப்பாகிட்ட சொன்னாருங்க. இந்தக் காலு கூட இருக்கும், ஒண்ணும் செய்யாதுன்னு. நானும் அப்படியேதான் நெனச்சேன். எடது காலு மிதிக்குது, பெடல் சுத்துது, இது மேல உக்காந்துட்டுச் சும்மா வருதுன்னு. இத்தன வருசமா." "அப்போ அம்பதுன்னு வந்தப்போ?" "அம்பது பொய்யின்னு எனக்கே தெரியுமுங்க தம்பி. நம்பாம இருக்க மனசு வரல, அவ்வளவுதான். முப்பத்தொண்ணு அப்படி இல்லைங்க. பொய் சொல்றவன் எவனாவது முப்பத்தொண்ணுன்னு சொல்லுவானா? முப்பதுன்னுவான்." அதற்குப் பிறகு அவர் சிரித்தார், இந்தச் சிரிப்பில் சைக்கிள் ஆடவில்லை, சத்தமும் அதிகமில்லை. ஃபோனை எடுத்தார், புதுப் படம் பிடித்தார், குழுவுக்குப் பேசினார். "ஏப்பா, மொதல்ல வந்த படம் தப்பு. இதான் செரியானது. முப்பத்தொண்ணு போட்டிருக்குது பாரு, அது என்ற வலது காலு." அரிசி மண்டியிலிருந்து பதில் வர ஒரு நிமிடம் ஆயிற்று. "அப்போ பன்னு செரிமானம் ஆயிருச்சாட்ட இருக்குது." கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று, சிரிப்பில்லாமல். "நாச்சி, நெசமாவா?"

நெசமா என்பதைத்தான் அவரும் பார்க்க வேண்டுமாம். இடது காலை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டார். மேடத்தின் பயிற்சியில் அப்படி ஒன்று உண்டு, ஒற்றைக் கால் மிதி, நல்ல கால்காரர்களே திணறுவார்கள், தீர்த்தகிரியே முதல் நாளில் ஏழெட்டுச் சுற்றில் இறங்கிவிட்டான், வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தான், அது தன் பயம்தானே, அவர் காலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றி மூடிக்கொண்டான். ஸ்டூலை இழுத்துப் போட்டான். இரண்டு ஷூவும் அடியில் கொக்கி போட்டுப் பெடலோடு மாட்டியிருந்தன, நாச்சிமுத்து இடதை மட்டும் பிடுங்கி ஸ்டூல்மேல் வைத்தார். வலது கால் கீழே போனது. அடியில் நின்றது. இடுப்பு ஒரு இழுப்பு இழுத்தது, கால் பின்பக்கமாக ஏறியது, உச்சிக்கு வரும் இடத்தில் திக்கியது, திக்குவாய்க்காரர் ஒரு சொல்லுக்கு முன்னால் நிற்கிற மாதிரி நின்றது, தீர்த்தகிரி அவனையறியாமல் தன் வலது தொடையை இறுக்கினான், போ, போ, தாண்டியது. அடுத்த சுற்று. திக்கல், தாண்டல். அவன் வலது பக்கத்தில், தரையில், கண்ணுக்கு நேராகக் கால் வருகிற இடத்தில் உட்கார்ந்திருந்தான், எப்போது சுற்றி வந்து உட்கார்ந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. நாச்சிமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு, "போறானுங்க தம்பி, போறான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். தோளிலிருந்தும் முழங்கையிலிருந்தும் பொட்டுகள் வியர்வையில் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. திரையை யாரும் பார்க்கவில்லை.

அவர் இறங்கி, தண்ணீர் குடித்து, மீதி இருந்த பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருக்கும்போது தீர்த்தகிரி பழனிக்குக் கூப்பிட்டான். வலது பெடல் மூடியை நான் சரியா முடுக்கல மேடம், விளக்கையும் பாக்கல, மொதல்ல தப்பா அளந்துட்டேன், ஒரே மூச்சில் சொன்னான். "எப்பத் தெரிஞ்சது?" "அம்பது அசையாம நின்னப்போ." "கஸ்டமர்கிட்ட சொன்னியா?" "சொல்லிட்டேன் மேடம்." அந்தப் பக்கம் மேளம் நின்றிருந்தது, குழந்தை ஒன்று அழுதது. "வலது ஷூவுக்குக் கட்ட வெச்சு மறுபடி அள. முழுசா அள. நாளைக்கு ஒரு டாக்டரம்மா வர்றாங்க, அவங்களையும் நீயே பாத்துக்க. விளக்க நானே ஃபோன் பண்ணிக் கேப்பேன்." அவன் சைக்கிளைத் திருப்பி வைத்தான். பொட்டுகளைத் துடைத்து எடுத்துக்கொண்டு வலது பக்கம் உட்கார்ந்தான், முட்டியை விரலால் தடவி எலும்பைத் தேடினான். "கூச்சமா இருக்குதுங்க தம்பி, சீக்கிரம் ஒட்டுங்க" என்றார் நாச்சிமுத்து.

இவ்வளவுதான் அவன் சொன்னது. இதை எழுதுவதற்கு முன்னால் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. நான் எதையும் கொஞ்சம் சந்தேகப்படுகிறவன், அதற்காக அவன் என்னைத் திட்டுவதும் உண்டு. இடது ஷூ பெடலைவிட்டு முழுக்க வந்திருந்ததா, ஸ்டூலில் இருந்தபடியே கொஞ்சம் உதவியதா, திரையைத்தான் யாரும் பார்க்கவில்லையே. நாச்சிமுத்துவிடம் ஃபோனில் கேட்டு அவர் சரி என்ற பிறகு, தீர்த்தகிரி அன்றைய பதிவைத் திறந்து எனக்குக் காட்டினான். ஒற்றைக் கால் ஓட்டம் தனியாகச் சேமிக்கப்பட்டிருந்தது. இரண்டு பெடல்களும் விழித்திருந்தன. வலது கோடு மேலும் கீழுமாகப் போய்க்கொண்டிருந்தது, உச்சிக்கு உச்சி ஒரு வெட்டு. இடது கோடு ஆரம்பத்திலிருந்து கடைசி வரை தரையோடு கிடந்தது. அங்கங்கே ஒரு வாட் என்று காட்டியது, அது கால் வைக்காத பெடலின் சொந்த எடை என்றான். மற்ற இடமெல்லாம் பூஜ்யம்.